கோச்சை நீக்கச் சொல்லிக் கையெழுத்து கேட்கிறார்கள்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. மூன்று வருடங்களாக ஒரே கோச்சிடம் நீச்சல் பழகுகிறான். அதிர்ந்து பேசாத மனிதர், பையனும் நன்றாகத் தேறியிருக்கிறான். போன மாதம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கோச் இன்னொரு ஆணின் தோளில் கைபோட்டு நிற்கிறார். இருவரும் தம்பதி மாதிரி ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் அவரை நீக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு எழுதி, என்னிடம் கையெழுத்து கேட்கிறார்கள். அவர்மேல் இதுவரை ஒரு புகாரும் இல்லை. ஆனாலும் நீச்சலுடையில் நிற்கும் பையன்கள், உடை மாற்றும் அறை, வெளியூர்ப் போட்டி என்று யோசித்தால் மனம் ஒப்பவில்லை. அவரைப் பார்த்து இவனும் அப்படி ஆகிவிடுவானோ என்ற பயமும் இருக்கிறது. "போடாதீங்க" என்கிறாள் மனைவி. நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தகப்பன்

பதில்: போடாதீர்கள். உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் பயம் அப்படியேதான் இருக்கும். அந்தப் பயத்தில் ஒரு பாதி நியாயமானது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

கோச் என்பவருக்குப் பிள்ளைமேல் உள்ள செல்வாக்கு பல நேரம் பெற்றவர்களுக்கே கிடையாது. ரிலேயில் யார் நீந்துவது, எந்தப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் முடிவு. "இன்னிக்கு டர்ன் நல்லா எடுத்தே" என்று அவர் போகிற போக்கில் சொன்னதைப் பையன் வீட்டில் பத்து தடவை சொல்லிக்காட்டுவான். இந்தச் செல்வாக்கு கெட்டவன் கைக்குப் போனால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு விளையாட்டு உலகில் சாட்சி நிறைய இருக்கிறது. ஆகவே தகப்பன் கவலைப்படத்தான் வேண்டும். எதைப் பார்த்துக் கவலைப்படுகிறோம் என்பதில்தான் உங்கள் குழு தடம் மாறுகிறது.

அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் என்று ஒன்று. அங்கே பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ரெனே போர்ட்லண்ட் என்பவர் 1980-லிருந்து 27 சீசன்கள் கோச்சாக இருந்தார். தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்குத் தன் அணியில் இடமில்லை என்பதை அவர் ஒளித்து வைக்கவில்லை. பத்திரிகைக்கே சொன்னார். புதிதாகச் சேர வரும் பெண்களின் பெற்றோரிடமும் அதைப் பேசுவார், அவர்களுக்கும் அது நிம்மதி என்பார். கடைசியில் அணியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜெனிஃபர் ஹாரிஸ் என்ற வீராங்கனை வழக்குப் போட்டார். 2006-ல் பல்கலைக்கழகம் போர்ட்லண்டுக்கு 10,000 டாலர் அபராதம் விதித்தது, 2007-ல் அவர் பதவி விலகினார்.

அதே பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் பல வருடம் துணைக் கோச்சாக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. மனைவி உண்டு, தத்தெடுத்த பிள்ளைகள் ஆறு பேர், வசதியில்லாத சிறுவர்களுக்கென்று தொண்டு அமைப்பு வேறு. இவரை நீக்கச் சொல்லி எந்தப் பெற்றோர் மனு எழுதுவார்? 2001-ல் விளையாட்டுக் கட்டடத்தின் குளியல் பகுதியில் இவரை ஒரு சிறுவனோடு பார்த்துவிட்டு, அணியில் இருந்த ஒருவர் மேலிடத்தில் சொன்னார். மேலிடம் போலீசுக்குப் போகவில்லை. 2011-ல்தான் கைது. 2012-ல், சிறுவர்களைச் சீரழித்ததாக 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஒரே வளாகத்தில் பெண்கள் அணியின் வாசலில் அத்தனை வருடம் காவல் இருந்திருக்கிறது. காவல் வேண்டியிருந்த குளியலறைப் பக்கம் யாரும் இல்லை.

"சாண்டஸ்கி தொட்டது பையன்களைத்தானே, அப்போ அவனும் அந்த ரகம்தானே" என்று உங்கள் குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். வயதுவந்த ஆண் ஒருவர் வயதுவந்த இன்னொரு ஆணோடு வாழ்வதற்கும், கைக்கெட்டும் குழந்தையைத் தேடிப்பிடித்துச் சீண்டுவதற்கும் சம்பந்தம் கிடையாது. பெண்ணைக் கட்டிக்கொண்ட ஆணைப் பார்த்து, இவர் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாமா என்று நாம் கேட்பதில்லையே. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டர் லாரி நாசர் மனைவி, பிள்ளைகளோடு வாழ்ந்தவர்தான். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக 156 பெண்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள் அல்லது அவர்கள் சார்பில் அது வாசிக்கப்பட்டது. சில சிறுமிகளைப் பெற்றோர் அதே அறையில் இருக்கும்போதே சிகிச்சை என்ற பெயரில் தொட்டிருக்கிறார். குடும்பஸ்தர், டாக்டர், எல்லோருக்கும் வேண்டியவர். அந்த நம்பிக்கைதான் அவருக்கு வசதியாக இருந்தது.

உங்கள் கோச் தங்கமானவர் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. எனக்கு அவரைத் தெரியாது. எந்தக் கோச்சுக்கும் யாரும் அப்படி எழுதிக்கொடுக்க முடியாது, நாளை அவருக்குப் பதிலாக வரப்போகும் குடும்பஸ்தருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதனால்தான் ஆளைப் பார்த்து நம்புவதை விட்டுவிட்டு, நீச்சல் குளத்தின் நடைமுறையைப் பாருங்கள் என்கிறேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோச் யாரோடு குடியிருக்கிறார் என்பது தெரிகிறது. உடை மாற்றும் அறைக்குள் எந்தெந்தப் பெரியவர்கள் போகிறார்கள் என்பது தெரியுமா?

மனு எழுத அத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தைக் கலைக்காமல் வேறு கடிதம் எழுத வையுங்கள். பிள்ளைகள் உடை மாற்றும்போது கோச் உட்பட எந்தப் பெரியவரும் உள்ளே போகக்கூடாது. அவசரமென்றால் இரண்டு பேராகப் போகட்டும். எந்தப் பிள்ளையோடும் எந்தப் பயிற்சியாளரும் பூட்டிய கதவுக்குள் தனியாக இருக்கக்கூடாது. பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது, அனுப்பினால் பெற்றவரும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். வெளியூர்ப் போட்டியில் பிள்ளைகள் அறையில் பெரியவர் தங்கக்கூடாது, இரண்டு பெற்றோராவது கூடப் போக வேண்டும். பயிற்சி நேரத்தில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

தொடுவது பற்றியும் எழுதுங்கள். நீச்சலில் பெரும்பாலான திருத்தங்களைக் கரையில் நின்றபடியே சொல்லிவிடலாம். முழங்கை உயரமாக இருக்க வேண்டும் என்றால் கோச் தன் கையை மடக்கிக் காட்டினால் போதும். பையனின் கையைப் பிடித்துத்தான் காட்ட வேண்டும் என்றால், "கையைப் பிடிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் பிடிக்கலாம். அப்புறம் முக்கியமான ஒன்று. புகார் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவர் கோச்சின் நண்பராகவோ நிர்வாகியின் உறவினராகவோ இருக்கக்கூடாது. இதெல்லாம் எல்லாக் கோச்சுக்கும், பையன்களோடு பழகும் பெரிய வகுப்பு அண்ணன்களுக்கும், கூட்டிப்போகும் வேன் டிரைவருக்கும் பொருந்த வேண்டும். நல்ல கோச் எவரும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். வீண்பழியிலிருந்து அவரைக் காப்பாற்றப்போவதும் இதே விதிகள்தான்.

இப்போது இரண்டாவது பயம். கோச்சைப் பார்த்துப் பையன் மாறிவிடுவானா? மாட்டான். 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அது ஒட்டிக்கொள்ளும் சமாசாரமும் கிடையாது. கோச்சிடமிருந்து ஒட்டுவதாக இருந்தால், காலங்காலமாக மனைவி மக்களோடு இருந்த கோச்சுகளிடம் படித்த அத்தனை தன்பாலீர்ப்பு வீரர்களும் வேறு மாதிரி ஆகியிருக்க வேண்டும்.

நீச்சல் என்பதால் இயன் தோர்ப்பை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியக்காரர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 17 வயதில் மூன்று தங்கம், 2004 ஏதென்ஸில் இன்னும் இரண்டு. அந்த வயதிலிருந்தே பத்திரிகைக்காரர்கள் "நீ அப்படியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவரும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2012-ல் வந்த சுயசரிதையிலும் இல்லை என்றுதான் எழுதினார். நடுவில் மன அழுத்தம், குடி. 2014-ல், 31 வயதில், ஆமாம் என்றார். தன் சாம்பியன் இப்படி இருப்பதை நாடு விரும்புமா என்று தெரியாமல் இருந்ததாகவும் சொன்னார். நீரில் அவரை ஜெயிக்க ஆளில்லாத காலத்திலேயே மனிதர் இந்தக் கவலையோடுதான் இருந்திருக்கிறார். உங்கள் குழுவில் இன்று நடக்கும் பேச்சு அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான். அந்தப் பேச்சு பிள்ளைகள் காதிலும் விழுகிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் தன்பாலீர்ப்புள்ளவனாக இருந்தால், யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று இந்த மாதம் கற்றுக்கொண்டிருப்பான். நாளை யாராவது அவனிடம் தப்பாக நடந்துகொண்டாலும் சொல்லமாட்டான். இந்த மனுவால் வரக்கூடிய பெரிய ஆபத்து இதுதான்.

விளையாட்டு உலகமே இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பெண்கள் பக்கம் வெகுதூரம் போய்விட்டார்கள். நியூசிலாந்து கிரிக்கெட்டில் ஏமி சாட்டர்த்வெய்ட்டும் லியா தஹுஹுவும் 2017-ல் மணம் செய்துகொண்டு ஒரே அணியில் ஆடினார்கள். ஏமி 2018-ல் கேப்டனும் ஆனார். தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க்கும் மரிசான் கேப்பும் அப்படித்தான். கோச் கதைக்கு வருவோம். அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணி 2015, 2019 என்று அடுத்தடுத்து உலகக் கோப்பை வென்றபோது பயிற்சியாளர் ஜில் எல்லிஸ், ஒரு பெண்ணை மணந்தவர். அவருக்கு முன்பு 2008, 2012 ஒலிம்பிக் தங்கங்களை வாங்கித்தந்த பியா சுண்ட்ஹாகேயும் தன்பாலீர்ப்பை மறைக்காதவர். அந்த அணிகளை யாரும் வீட்டு விஷயத்தை வைத்து எடைபோடவில்லை.

ஆண்கள் பக்கம்தான் இன்னும் இறுக்கம். இங்கிலாந்தில் ஜஸ்டின் ஃபஷானு 1990-ல் வெளிப்படையாகச் சொன்ன முதல் தொழில்முறைக் கால்பந்து வீரர். ஏச்சும் பேச்சும் அவரை விடவில்லை. 1998-ல் தற்கொலை செய்துகொண்டார். அதன்பிறகு அங்கே தொழில்முறையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே சொல்ல ஒரு ஆண் வீரர் வருவதற்கு 2022 ஆனது. பிளாக்பூல் அணியின் ஜேக் டேனியல்ஸ், வயது 17. நம்மில் பலருக்கு மைதானம் என்பது பையனை 'ஆம்பளை' ஆக்கும் இடம். அந்த எண்ணம் இருக்கும்வரை இந்த இறுக்கமும் இருக்கும், ரசிகர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ரக்பி பார்ப்பவர்களுக்கு நைஜல் ஓவன்ஸைத் தெரியும், 2007-ல் தன்னைப் பற்றிச் சொன்ன நடுவர். 2015 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் விசில் ஊதியது அவர்தான். முரட்டு ஆட்டம் என்று பெயர் வாங்கிய ஆட்டமே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது.

மகனிடம் பேசினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், அந்தப் படம் பிள்ளைகள் போனிலும் சுற்றியிருக்கும். எதிரே உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். வண்டியில் போகும்போது கேளுங்கள். "கோச்சோ, பெரிய பசங்களோ, வேறு யாரோ உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டாலோ பேசினாலோ என்கிட்ட சொல்லலாம், நான் உன்மேல கோபப்படமாட்டேன்." இவ்வளவு போதும், ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடாமல் அவ்வப்போது கேளுங்கள். "கோச் கேயாப்பா?" என்று அவனே கேட்டால், "அவர் வீட்டு விஷயம்டா, உனக்கு நல்லா சொல்லித்தர்றாரா?" என்று திருப்பிக் கேளுங்கள். கோச்சிடம் போய் விளக்கம் கேட்க வேண்டாம். விளக்கம் சொல்ல அவர் உங்களுக்குக் கடமைப்பட்டவரும் இல்லை.

குழுவில் ஒரே ஒரு செய்தி போடுங்கள். "இந்த மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை. பிள்ளைகள் பாதுகாப்புக்கான விதிகளைக் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், விருப்பமுள்ளவர்கள் சேரலாம். அந்தப் படத்தைத் தயவுசெய்து நீக்குங்கள்." விவாதத்துக்கு இழுப்பார்கள், போகாதீர்கள். பிள்ளையை நிறுத்திவிட்ட அந்த இரண்டு வீட்டுக்கும் மட்டும் தனியாகப் போன் செய்து பேசுங்கள். தனியாகப் பேசினால் பலர் இறங்கி வருவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நிர்வாகம் அவரை நீக்கினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பயிற்சியில் குறையா, விதி மீறினாரா, ஏதாவது பிள்ளையிடமிருந்து புகார் வந்ததா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அவர் இனி எங்கே பயிற்சி கொடுக்கிறார் என்று விசாரித்து மகனை அங்கே சேர்ப்பதைப் பற்றி மனைவியோடு பேசுங்கள். அங்கேயும் முதல் நாளே உடை மாற்றும் அறைக்கு என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.