வெளிநாட்டில் பிள்ளையைக் காணவில்லை, ஊரே படத்தை ஷேர் செய்கிறது: குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தங்கச்சி மகள், 24 வயது, பெங்களூரில் வேலை, இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுத் தனியாகத் தாய்லாந்து போயிருக்கிறாள். தினமும் ராத்திரி அம்மாவிடம் பேசுகிற பிள்ளை, கிராபியிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதோடு சரி. ஐந்து நாளாக எது அனுப்பினாலும் ஒற்றை டிக்தான் விழுகிறது. இதற்கிடையில் சர்ச் வாட்ஸப் குரூப்பில் யாரோ அவளுடைய பாஸ்போர்ட் பக்கத்தைப் போட்டுவிட்டார்கள், ஒரு யூடியூப்காரர் மைக்கோடு முற்றத்துக்கே வந்துவிட்டார், சிலர் "யாரோடயோ போயிருப்பா" என்கிறார்கள், சிலர் மியான்மர் கும்பல் பிடித்துவிட்டது என்கிறார்கள், இளைஞர்கள் மறியலுக்குக் கூப்பிடுகிறார்கள். அவர் கேட்பது இதுதான்: படத்தை எல்லோரும் ஷேர் பண்ணட்டுமா, நிறுத்தச் சொல்லட்டுமா? முதலில் யாரிடம் போவது?

அண்ணன், உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது ஒரு வரி. "ஊர் வாய்க்குப் பயந்து தங்கச்சி இன்னும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் சிக்கியவர்களின் குடும்பங்களுக்கு நாகர்கோவிலில் உட்கார்ந்து பல வருடமாக மனு எழுதிக் கொடுக்கிறேன், ஆண் பிள்ளை என்றால் மறுநாளே வந்துவிடுகிறார்கள், பெண் பிள்ளை என்றால் நாலு நாள் வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. அந்த நாலு நாள்தான் ரொம்ப முக்கியமான நாள். சிசிடிவி பதிவு பல இடங்களில் சில நாளில் அழிந்துவிடும், ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு சட்டமே கிடையாது. இன்றைக்கே போங்கள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பாஸ்போர்ட்டில் இருக்கிற முகவரிக்கு உட்பட்ட காவல் நிலையத்தில் "காணவில்லை" என்று புகார் கொடுங்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தருகிற சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், எஃப்ஐஆர் கேளுங்கள். "வெளிநாட்டில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்" என்ற பதில் வரலாம். அவர்கள் அங்கே போய்த் தேட முடியாது என்பது சரிதான், ஆனால் அந்த எஃப்ஐஆர் இல்லாமல் வேறு எந்தக் கதவும் சுலபமாகத் திறக்காது. காணாமல் போனவர்களுக்காக இன்டர்போல் தருகிற மஞ்சள் அறிவிப்பைக் குடும்பம் நேராகக் கேட்க முடியாது. உள்ளூர் போலீஸ் மாநிலப் போலீஸுக்கு எழுதி, அவர்கள் டெல்லியில் சிபிஐக்கு அனுப்ப வேண்டும், இந்தியாவுக்கு இன்டர்போல் தொடர்பு அலுவலகம் சிபிஐதான். 196 நாடுகளுக்குப் போகிற அறிவிப்பு தொடங்குவது உங்கள் ஊர் ஸ்டேஷன் ரைட்டரின் மேஜையில்தான். வங்கியிடமிருந்தும் போன் கம்பெனியிடமிருந்தும் விவரம் கேட்டு வாங்கும் அதிகாரமும் போலீஸுக்குத்தான் இருக்கிறது. ஸ்டேஷனில் புகாரை எடுக்கவில்லை என்றால் நாகர்கோவில் எஸ்பி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் மனு நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அதே நாளில் பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்தின் அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எண் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். தாய்லாந்து நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நம் காலை ஏழரை அங்கே ஒன்பது. போனோடு நிற்காமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள். வெளிநாட்டில் சிக்கிய இந்தியர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் வைத்திருக்கும் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள், இது 2015 முதல் இருக்கிறது. சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் ஒரு நகல். இவ்வளவு இடத்துக்கும் ஒரே கடிதம் போனால் போதும், விதவிதமாக எழுதாதீர்கள், தேதி ஒரு இடத்தில் மாறினாலும் அதைச் சரிபார்ப்பதிலேயே ஒரு நாள் போய்விடும்.

தூதரகத்தால் என்ன முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் குடும்பங்கள் மனம் உடைகின்றன. தூதரக அதிகாரி அங்கே போலீஸ் இல்லை. கதவைத் தட்டி விசாரிக்க முடியாது, ஆனால் அந்நாட்டுப் போலீஸிடம் புகார் பதிய வைக்க முடியும், மருத்துவமனை, தடுப்புக் காவல், பிணவறை என்று விசாரிக்கச் சொல்லி எழுத முடியும். மருத்துவமனையை முதலில் கேட்கச் சொல்லுங்கள். தாய்லாந்தில் சுற்றுலா வருகிறவர்கள் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விழுவது சர்வசாதாரணம், நினைவில்லாமல் கிடக்கிற ஆளிடம் போனும் இல்லை என்றால் பெயர்கூடத் தெரியாமல் ஒரு வாரம் ஓடிவிடும். இன்னொன்றும் உதவும்: அங்கே வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எல்லோரும் ஒழுங்காகச் செய்வதில்லை, ஆனாலும் கடைசியாக எங்கே தங்கினாள் என்பதற்கு அது நல்ல நூல் பிடி. "அந்தப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று கடிதத்தில் ஒரு வரி போடுங்கள். அங்கே சுற்றுலாப் போலீஸின் எண் 1155, கிராபியில் இருக்கிற விடுதிக்காரரோ தெரிந்தவரோ அதில் கூப்பிட்டுச் சொன்னாலும் உதவிதான்.

சரி, படத்துக்கு வருவோம்.

ஷேர் பண்ணலாம். ஆனால் இப்போது சுற்றுகிற படம் இல்லை. அந்தப் பாஸ்போர்ட் பக்கத்தைப் போட்டவரைத் தேடிப்பிடித்து இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், கோபப்படாமல் சொல்லுங்கள், அவரும் உதவியாகத்தான் நினைத்திருப்பார். பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் பிறந்த ஊரும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது மோசடிக்காரனுக்கு வரம். பாஸ்போர்ட் நகல் போக வேண்டிய இடம் தூதரகமும் போலீஸும் மட்டும்தான். ஊருக்குக் கொடுக்க நீங்களே ஒரு அறிவிப்பு செய்யுங்கள். சமீபத்திய படம், சிரிக்கிற ஸ்டுடியோ படம் வேண்டாம், இப்போது முடி எப்படி இருக்கிறதோ அப்படி ஒன்று. கடைசியாகப் பேசிய தேதி, நேரம், இடம். என்ன உடை, என்ன பை. புகார் எண். தொடர்புக்கு ஒரே ஒரு எண், அது தங்கச்சியின் எண்ணாகவோ வீட்டுப் பெண்களின் எண்ணாகவோ இருக்கக் கூடாது. புதிய சிம் ஒன்று வாங்கி நிதானமான ஒரு ஆளிடம் கொடுங்கள். மேலே அறிவிப்பு போட்ட தேதியை எழுதுங்கள். தமிழில் போடுவது நம் மனசுக்கு, தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் போடுவதுதான் தேடுவதற்கு. மார்த்தாண்டத்தில் ஐயாயிரம் பேர் பார்ப்பதைவிட கிராபியில் ஐம்பது பேர் பார்ப்பது மேல். அங்கே உள்ள இந்தியர் குழுக்கள், தமிழர் குழுக்கள், ஹாஸ்டல்கள், படகுக்காரர்கள், அந்தப் பக்கம் தள்ளுங்கள்.

ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தழும்போ மோதிரமோ. படம் பரவியதும் போன் வரும், "பிள்ளை எங்களிடம் இருக்கிறாள், பணம் அனுப்பு" என்று அழுகுரலோடுகூட வரும், குரலை இப்போது கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிவிடுகிறார்கள். அந்த அடையாளத்தைக் கேளுங்கள். அல்லது அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள், சின்ன வயசில் வீட்டு ஆட்டுக்குட்டிக்கு வைத்த பெயர் மாதிரி. பதில் வராவிட்டால் பத்து பைசா அனுப்பாதீர்கள். அழைப்பைப் பதிவு செய்து போலீஸிடம் கொடுங்கள், பணம் ஏற்கனவே போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

ஊர்ப் பேச்சு வெறும் மன வேதனை மட்டும் இல்லை, அது தேடலையே கெடுக்கும். 2013ல் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் காணாமல் போனார். வீட்டார் அவரைத் தேட ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்ததும், இணையத்தில் துப்பறிகிறோம் என்று கிளம்பியவர்கள் சந்தேக நபர் இவர்தான் என்று எழுதிவிட்டார்கள். வசவு தாங்காமல் வீட்டார் அந்தப் பக்கத்தையே இறக்க வேண்டி வந்தது. அவர் ஏற்கனவே இறந்திருந்தார், சில நாள் கழித்து உடல் ஆற்றில் கிடைத்தது. 2024 ஜூனில் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவுக்குப் போன 19 வயது பிரிட்டிஷ் பையன் கதையும் அப்படித்தான். வழி தவறிவிட்டது, தண்ணீர் வேண்டும், போனில் ஒரு சதவீதம்தான் சார்ஜ் இருக்கிறது என்று தோழியிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. கடத்தல், போதைக் கும்பல், வீட்டாரே மறைக்கிறார்கள் என்று உலகம் முழுக்கக் கதை கட்டினார்கள். ஒரு மாதம் கழித்து மலைப் பள்ளத்தாக்கில் உடல் கிடைத்தது, தவறி விழுந்த விபத்து என்றுதான் பிரிட்டிஷ் விசாரணையிலும் முடிவானது. தண்ணீர் கேட்ட பையனைப் பற்றி அந்தத் தாய் என்னவெல்லாம் படிக்க வேண்டி வந்திருக்கும்.

பொதுமக்கள் உதவியதும் உண்டு. 2021ல் அமெரிக்காவில் வேனில் சுற்றுலா போன ஓர் இளம்பெண் காணாமல் போனபோது, அதே பக்கம் பயணம் செய்த ஒரு குடும்பம் தாங்கள் எடுத்த வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள், அந்த வேன் அதில் நின்றது. எஃப்பிஐயிடம் சொன்னார்கள், அந்தப் பகுதியிலேயே அவள் உடல் கிடைத்தது. உயிர் திரும்பவில்லை, ஆனால் தேட வேண்டிய இடம் தெரிந்தது. கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அது சாட்சி, மனசில் தோன்றியதைச் சொன்னால் அது வதந்தி. உங்கள் ஊர் குரூப்பில் இதை மட்டும் போடுங்கள்: "பார்த்தவர்கள் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், பார்க்காதவர்கள் அறிவிப்பை மாற்றாமல் அனுப்புங்கள்."

மியான்மர் கும்பல் பற்றி. பயம் பொய்யில்லை, மியான்மர் எல்லை ஊரான மியாவடியில், ஆட்களை அடைத்து வைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைக்கிற முகாம்களில் நம் ஆட்கள் சிக்கியது உண்மை, 2025 மார்ச்சில்கூட 549 இந்தியர்களை அதற்கு எதிரே தாய்லாந்து பக்கம் இருக்கிற மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தக் கதை பெரும்பாலும் வேலை என்ற தூண்டிலில் தொடங்குகிறது. கிராபிக்கும் மே சோட்டுக்கும் சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அவளுக்கு யாராவது வேலை பேசியிருந்தார்களா என்று பெங்களூர் தோழிகளிடம் கேளுங்கள். இருந்தால் தூதரகத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லை என்றால் அந்தப் பேச்சை நீங்களே பரப்பாதீர்கள், தேடுகிற கண் தப்பான எல்லையைப் பார்க்கத் தொடங்கிவிடும். "யாரோடயோ போயிருப்பா" என்கிறவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். அப்படியே யாரோடாவது போயிருந்தாலும் அவள் பத்திரமாக இருக்கிறாளா என்று தெரிய வேண்டாமா? அவளுக்கு நண்பர் யாராவது இருந்தால் தங்கச்சி அதைப் போலீஸிடம் தைரியமாகச் சொல்லலாம், அது மானப் பிரச்சினை இல்லை, தகவல். வயது வந்த பெண் என்பதால், கண்டுபிடித்த பிறகு "பத்திரமாக இருக்கிறாள், இப்போதைக்குப் பேச விருப்பமில்லை" என்று மட்டும் அதிகாரிகள் சொல்லவும் கூடும். அதற்கும் மனதைத் தயார் செய்யுங்கள், அதுவும் நல்ல செய்திதான்.

மறியல் இப்போது வேண்டாம். மறியலே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒக்கி புயல் அடித்த பிறகு 2017 டிசம்பரில் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த மக்களை நான் மறக்கவில்லை, அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அன்றைக்கு அந்தக் கோபத்தோடு சர்ச் பங்குகள்தோறும் எடுத்த பெயர்ப் பட்டியலும் இருந்தது, யார் எந்தப் படகில் போனார், எத்தனை பேர் திரும்பவில்லை என்று. அந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்லாமல் அதிகாரிகளால் நகர முடியவில்லை. உங்களிடம் இன்னும் எஃப்ஐஆரே இல்லை. பத்து நாள் கழித்தும் கோப்பு அசையவில்லை என்றால் அப்போது பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியும் எம்பியும் சேர்ந்து கேட்கட்டும். இளைஞர்களுக்கு இப்போதே வேலை இருக்கிறது: கிராபியில் உள்ள விடுதிகள், மருத்துவமனைகள், ஸ்கூட்டர் வாடகைக் கடைகளின் எண்களை எடுத்து வரிசையாகக் கூப்பிட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும்.

யூடியூப்காரரிடம் தங்கச்சியைப் பேச விடாதீர்கள். அறிவிப்பைக் கொடுத்து இதை மட்டும் போடுங்கள் என்று சொல்லுங்கள். அழுகிற முகத்துக்குத்தான் கேமரா வரும், கீழே வருகிற கமென்டைப் படிக்கப்போவது தங்கச்சிதான்.

இப்போது உடனே கிளம்பித் தாய்லாந்து போகவும் வேண்டாம். தூதரகம் வரச் சொல்கிறவரை காத்திருங்கள், ஆனால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லை என்றால் தத்காலில் விண்ணப்பியுங்கள். அவள் மெயிலில் பயண இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று தோழிகளைக் கேளுங்கள், பல பாலிசிகளில் அவசர உதவி எண் இருக்கும். பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் போட்டு அவள் கணக்குகளைப் பூட்டிவிடாதீர்கள். போலீஸைக் கேட்காமல் ஏடிஎம் கார்டை பிளாக் செய்யாதீர்கள், அது எங்கே தேய்க்கப்படுகிறது என்பதே ஒரு தடயம்.

அப்புறம், அவளுடைய இந்திய நம்பர். அதன் வேலிடிட்டி எப்போது முடிகிறது என்று பாருங்கள். போன் தொலைந்திருந்தால்கூட அவள் மனப்பாடமாகக் கூப்பிடக்கூடியது அம்மா நம்பராகத்தான் இருக்கும், அதனால் தங்கச்சியின் போனையும் ராத்திரி சைலன்ட்டில் போட வேண்டாம், தெரியாத வெளிநாட்டு எண் என்று கட் பண்ணவும் வேண்டாம். இரண்டு நம்பருக்கும் இன்றைக்கே ரீசார்ஜ் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புங்கள்.