அம்பாசிடரில் இசுசு 1.8 இன்ஜின் ஏற்றிய பிறகு மலையில் கொதிக்கிறது. பெரிய ரேடியேட்டர் போட்டால் சரியாகுமா?

பெரிய ரேடியேட்டர் மட்டும் போட்டால் சரியாகாது. இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம், நீங்கள் செய்யப் போவதைச் செய்து ஒரு சிலிண்டர் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகத்தை, கெடுத்தவன் நான்.

உங்கள் வண்டி எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பழைய 1489 சிசி பிஎம்சி இன்ஜினை இறக்கிவிட்டு, கான்டஸா காரிலிருந்து கழற்றிய 1817 சிசி இசுசுவை ஏற்றியிருப்பீர்கள். ரேடியேட்டர் மட்டும் பழையது. சிக்னலில் நின்றால் முள் ஏறும், பைபாஸில் இறங்கிவிடும், மலையில் ஆவி கிளம்பும். இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வை மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டு, "கோர் பத்தலைங்க, நாலு வரிசை போட்டுடலாம்" என்றிருப்பார். கோர் என்றால் ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடும் குழாய் வரிசைகள். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள்.

அப்பாவின் வண்டியில் இன்ஜின் மாற்றியதே பாவம் என்று கருத்துப் பெட்டியில் எழுத வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை ரீபோர் செய்த பிளாக்கை மூன்றாம் முறை கடைந்து தர எந்த லேத்காரரும் தயாராக இல்லை. இதே இசுசுவைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே அம்பாசிடரில் போட்டு 1800 ஐஎஸ்இசட் என்று விற்றது. நான் அந்நிய உறுப்பு எதையும் திணிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அனுமதி வாங்கி, ஆர்சியில் புது இன்ஜின் நம்பரை ஏற்றிய பிறகுதான் ரோட்டுக்கு எடுத்தேன். அதை நீங்கள் இன்னும் செய்யவில்லை என்றால், ரேடியேட்டருக்கு முன் அதைச் செய்யுங்கள். நாளை ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிடக்கூடும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 2018இல் கோவை உக்கடத்தில் பழைய இன்ஜின் வாங்கினேன். மெக்கானிக் சொன்னபடி நாலு வரிசைச் செம்புக் கோர் கட்டினேன். கோவைக்குள் ஒரு மாதம் ஓட்டியதில் பெரிய குறை தெரியவில்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குக் கிளம்பினேன். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அணை முழுக்கத் தெரிகிற ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில், பானட்டின் இரண்டு பக்கமும் ஆவி. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். முன்னால் ஒரு பஸ் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு போனது, பின்னால் வரிசையாக ஹாரன். அவசரப்பட்டு இன்னும் இரண்டு வளைவு ஏற்றினேன். அந்த இரண்டு வளைவில் ஹெட் வளைந்துவிட்டது.

பழைய பிஎம்சி இன்ஜினில் ஹெட்டும் வார்ப்பிரும்பு. நாலைந்து முறை கொதித்தாலும் தண்ணீர் ஊற்றினால் ஓடும். அப்பா காலத்து டிரைவர்கள் அப்படித்தான் ஓட்டினார்கள். இசுசுவின் ஹெட் அலுமினியம், ஒரு முறைகூடத் தாங்காது. பழைய பழக்கத்தை விட முடியாத நம்மைப் போன்றவர்கள் முதலில் மனதில் ஏற்ற வேண்டியது இதுதான். ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டம் கடைந்து, கேஸ்கட் மாற்றி, வண்டி திரும்பி வர ஆறு வாரம் ஆனது.

அதன் பிறகுதான் ஒரு வயதான ரேடியேட்டர் பாயிடம் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "இன்னும் பெரிய கோர் போட முடியுமா பாய்?" என்றேன். பதில் சொல்லவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து, கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டர் முகத்தில் மெதுவாக நகர்த்திக் காட்டினார். நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குப் புகை சர்ரென்று உள்ளே போனது. மூலைகளில் அப்படியே நின்றது. மேல் ஓரத்தில் உள்ளே போவதற்குப் பதிலாக எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது.

"தம்பி, நீங்க தண்ணியவே பார்த்துட்டு இருக்கீங்க. காத்து எங்க போகுதுன்னு பார்த்தீங்களா? இன்ஜின் சூட்டுக் காத்து சுத்தி வந்து மறுபடி முன்னாடியே ஏறுது."

என் இன்ஜின் பின்தள்ளி உட்கார்ந்திருந்தது. விசிறிக்கும் கோருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. காற்றை வேறு பக்கம் போகவிடாமல் கோர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு விசிறியைச் சுற்றிக் கிடையாது. அதனால் விசிறி தன் பக்கவாட்டுக் காற்றையே இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கட்டிய நாலு வரிசைக் கோர் அதை இன்னும் மோசமாக்கியது. கோர் தடிமன் ஏற ஏறக் காற்று நுழைவது கடினம், பின் வரிசைகளுக்குப் போய்ச் சேருவதோ முன் வரிசைகளில் ஏற்கெனவே சூடான காற்று. பைபாஸில் வேகமே காற்றைத் தள்ளிவிடும். கொண்டை ஊசி வளைவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் விசிறியை விட்டால் வேறு கதியில்லை. எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுமார் 50 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 75க்கு மேல் வைத்திருக்கிறோம். ஆக, ரேடியேட்டர் பெரிதாகத்தான் வேண்டும், ஆனால் தடிமனில் இல்லை, முகப்பு அகலத்தில்.

பாய் நாலு வரிசையைப் பிரித்துவிட்டு, ஃபிரேம் இடம் கொடுத்த அளவுக்கு அகலமாக மூன்று வரிசைக் கோர் கட்டினார். தகரத்தில் கூடு அடித்தார். விசிறி இறக்கை பாதி கூட்டுக்குள், பாதி வெளியே. இறக்கை நுனிக்கும் கூட்டுக்கும் ஒரு விரல் சந்து. ரேடியேட்டரின் நான்கு பக்கமும் ரப்பர் பட்டை வைத்து அடைத்தார். கீழ் ஹோஸ் பொருந்தாமல் நான் கிளாம்ப்பை முறுக்கி முறுக்கி வைத்திருந்ததைப் பார்த்து, டேங்க்கின் கழுத்தையே இன்ஜின் அளவுக்கு மாற்றி ஈயம் பற்றவைத்தார். அந்த ஹோஸுக்குள் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பம்ப் இழுக்கிற இழுப்பில் ஒட்டிக்கொள்ளும். ரேடியேட்டருக்கு அடியில் ரப்பர் புஷ் போடாமல் முடுக்காதீர்கள். பாடி முறுக்கிக்கொடுக்கும்போதெல்லாம் ஈயம் விரிசல் விடும். பிரேக் பிடிக்கும்போது இன்ஜின் முன்னால் நகரும், அதனால் விசிறிக்கும் கோருக்கும் ஓர் அங்குலமாவது விட்டுவிடுங்கள்.

       

இனி ரேடியேட்டர் மூடிக்கு வருகிறேன். அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் கொதிநிலை ஏறும் என்பது உண்மை. 0.9 பார் மூடியில் சமவெளியில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே மலைக்குப் போகிறவருக்கு நல்ல மூடி அவசியம். ஆனால் பழைய கோரை வைத்துக்கொண்டு மூடியை மட்டும் மாற்றினால் ஈயப் பற்று பிளந்துகொள்ளும். கோர் கட்டிய பிறகு மூடி, அந்த வரிசையில் செய்யுங்கள். கழற்றி வீசிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள், 82 டிகிரியில் திறப்பது. அது இல்லாவிட்டால் குளிர்ந்த இன்ஜின் சூடேறவே நேரமாகும், அந்த நேரமெல்லாம் தேய்மானம். போர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், குழாயில் உப்புப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. ஊற்றும்போது வண்டியின் முன்பக்கத்தை மேடேற்றி நிறுத்தினால் உள்ளே காற்று அடைக்காது.

எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் கூடே வேண்டாமே என்று எழுதுவார்கள். நல்ல ஃபேன் கூட்டோடுதான் வரும் ஐயா. கூடு இல்லாமல் கோரில் டை போட்டுக் கட்டினால் அதுவும் நடுவில் ஒரு வட்டத்தை மட்டுமே குளிர வைக்கும். அலுமினிய ரேடியேட்டரையும் நான் குறை சொல்லவில்லை, எடை குறைவு. ஆனால் ஓட்டை விழுந்தால் பொள்ளாச்சியில் செம்பைப் பற்றவைக்க ஆள் கிடைப்பார், அலுமினியத்துக்கு வெல்டரைத் தேடி அலைய வேண்டும்.

வேலை முடிந்து அதே வால்பாறைக்கு, சித்திரை வெயிலில் போனேன். அம்மா பழைய பயத்தில் பின் சீட்டில் ஆறு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தார். நாற்பதாவது வளைவு வரை முள் பாதியைத் தாண்டவில்லை.

நீங்கள் கோருக்குக் காசு கொடுப்பதற்கு முன் காலையில் ஒன்று செய்யுங்கள். குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, முதலில் அந்த வேலை. வராவிட்டால் மூடியைப் போட்டுவிட்டு ஓர் ஊதுபத்தி பற்றவையுங்கள். மூலைகளில் புகை என்ன செய்கிறது என்றும், விசிறிக்கும் கோருக்கும் எத்தனை விரல் இடைவெளி என்றும் இங்கே எழுதுங்கள். கூட்டுக்கு என்ன அளவு வேண்டும் என்று சொல்கிறேன்.