சுழற்சிப் பொருளாதாரத்துக்கு மாறும்போது அது ஏழைகளுக்கும் நியாயமாக அமைய என்ன செய்ய வேண்டும்?

குப்பை யாருக்குச் சொந்தம் என்பது முதலில் முடிவாக வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

திருநெல்வேலிப் பேட்டைப் பக்கம் என் தாய்மாமா பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார்; கணக்கு எழுதுவது நான். பொருளைத் தூக்கியெறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் சுழற்சிப் பொருளாதாரம். இனிமேல் வரப்போவதாகப் பேசப்படும் இது எங்கள் வாசலில் தினமும் சாயங்காலம் சாக்கு மூட்டையாக வந்து இறங்குகிறது. பிளாஸ்டிக் பாட்டிலை அப்படியே தராசில் போட முடியாது. மூடி வேறு ரகம், கழுத்து வளையமும் அந்த ரகந்தான், மேலே சுற்றிய லேபிள் மூன்றாவது ரகம். சரக்குக் கொண்டுவரும் அக்கா ஒருவர் தரையில் உட்கார்ந்து சின்னக் கத்தியால் வளையத்தை நெம்பி எடுப்பார். மூடி ஒரு சாக்கில் விழும், பாட்டில் இன்னொரு சாக்கில். நிறமுள்ள பாட்டிலுக்கு விலை குறைவு. நனைந்த அட்டை என்றால் ஈர எடையைக் கழிப்பார்கள். "அண்ணாச்சி, ரொம்பக் கழிக்காதீர்கள்" என்பார். மாமா கழிப்பார்.

கச்சா எண்ணெய் மலிந்தால் புதுப் பிளாஸ்டிக்கும் மலிந்துவிடும்; பழைய பாட்டிலை யார் சீந்துவார்கள்? ஆலைக்காரர் மொத்த வியாபாரியிடம் விலையைக் குறைப்பார், அவர் மாமாவிடம், மாமா அந்த அக்காவிடம். அக்கா யாரிடம் குறைப்பார்?

மாமாவை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி கதவைத் தட்டினாலும் ஐந்நூறு ரூபாய் கொடுப்பார். அதற்கு ஈடாக அந்த வீட்டுச் சரக்கு வேறு கடைக்குப் போகாது. உதவியா, கட்டிப்போடுவதா என்று கேட்டால் இரண்டுந்தான். ஆனால் கண்ணாடிக் கட்டடத்தில் நவீனச் சேகரிப்பு மையம் திறந்து, ஆதார் எண் வாங்கிக்கொண்டு, பதினைந்து நாள் கழித்து வங்கிக் கணக்கில் பணம் போடுவோம் என்றால் இவர்கள் யாரும் அங்கே போக மாட்டார்கள். அன்றன்றைக்கு அரிசி வாங்குகிறவருக்கு அன்றைக்கே ரொக்கம் வேண்டும், அவசரத்துக்குக் கடனும் வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் இதை ஏனோ கணக்கிலேயே எடுப்பதில்லை.

சொந்தம் யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். வண்டி வீட்டு வாசலுக்கே வந்து குப்பை வாங்கத் தொடங்கியதும் தெருமுனைத் தொட்டிகள் போயின. அவற்றை நம்பியிருந்தவர்களின் பிழைப்பும் போயிற்று. ஒப்பந்தக்காரரின் வண்டியில் ஏறிவிட்டால் அது அவர் சொத்து. வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர்கள் பக்கவாட்டில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு அட்டையும் பாட்டிலும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன், சம்பளம் அந்த லட்சணத்தில் இருக்கிறது.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பை சேகரிப்போரை அங்கீகரித்து வேலையில் இணைத்துக்கொள்ளச் சொல்லின. புனேயில் அதை நடத்தியும் காட்டியிருக்கிறார்கள்: 1993-இல் சங்கமாகத் திரண்டவர்கள் 2008 முதல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவாக மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் தரும் கட்டணமும் அவர்களுக்கு, விற்கக்கூடிய பொருளும் அவர்களுக்கு. நம் ஊரிலும் விற்கக்கூடிய பொருள் சேகரிப்பவருக்கே என்று ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி வேண்டும்.

பொட்டலத்தில் அடைத்து விற்கும் நிறுவனங்களே அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பு என்று 2022-இல் விரிவான விதிமுறை வந்தது. இவ்வளவு பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்தோம் என்ற சான்றிதழ் பதிவு பெற்ற ஆலைக்குக் கிடைக்கும், அதை அந்த நிறுவனங்களுக்கு விற்றுவரும் பணமும் அங்கேயே நின்றுவிடும். வளையம் நெம்பியவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் கழிவுக்கான ஜிஎஸ்டியை 2021 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். பில் போட்டு விற்க முடியாத சிறு கடைகள் அதிலேயே விழி பிதுங்குகின்றன.

காசாகிற குப்பைக்குத்தான் இத்தனை போட்டி. காசாகாத குப்பை எங்கே போகும் என்பதை 2024 டிசம்பரில் பார்த்தோம். கேரள மருத்துவக் கழிவு எங்கள் மாவட்டத்துக் கோடகநல்லூர், பழவூர்ப் பக்கம் கொட்டிக் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு அந்த மாநிலமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. தீர்ப்பாயம் வரை போகாமல் எத்தனை லோடு எத்தனை ஊரில் கிடக்கிறதோ!

ஷாம்பு, ஊறுகாய் பாக்கெட்டுகளும் அந்தக் காசாகாத வகைதான். வேறு வேறு ரகம் ஒட்டிய, பிரித்தெடுக்க முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக் என்பதால் எங்கள் கடையில் அதற்கு விலையே கிடையாது. ஆற்றங்கரையிலும் வாய்க்காலிலும் கிடப்பது பெரும்பாலும் அதுதான். கிலோவுக்கு இவ்வளவு என்று தயாரித்த நிறுவனத்தின் தலையில் கட்டி, அந்தத் தொகை பொறுக்குகிறவர் கையில் ரொக்கமாக விழுந்தால் மறுநாளே ஆள் சாக்கோடு கிளம்பும். நடக்காத காரியமல்ல. 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. காலிப் பாட்டிலை வாங்கி அடுக்க இடமுமில்லை, கூடுதல் ஆளுமில்லை என்று கடைப் பணியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பாக்கெட்டுக்கு அப்படியொரு திட்டம் வந்தால் அந்த ஆள்கூலியையும் நிறுவனத்தின் கணக்கிலேயே எழுத வேண்டும்.