நன்றியை யாரிடம் சொல்வது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து எழுதுகிறேன். திருமணமாகித் தஞ்சாவூரிலிருந்து இங்கு வந்து இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பலதுறை மருந்தகத்தில் இரத்தம் சோதித்தபோது, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மருந்து இப்போதைக்கு வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். அன்று முதல் எனக்குக் காலையில் ஓட்ஸ், இரவில் வெள்ளரிக்காய். மற்றவர்களுக்கு வழக்கமான சமையல். தனித் தட்டோடு உட்காரும்போது ஏதோ தண்டனை அனுபவிப்பதுபோல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியே போனாலும் கடைத்தொகுதியில்தான் போய் முடிகிறது. பிள்ளைகள் பபிள் டீ குடிப்பார்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நன்றி சொல்லத்தக்க மூன்று விஷயங்களைத் தினமும் இரவில் எழுதிவைத்தால் மனம் தெளியும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். கொஞ்ச நாளிலேயே ‘வீடு, பிள்ளைகள், உடல்நலம்’ என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். நன்றியுணர்வு வரவழைத்தால் வருமா அக்கா? மகிழ்ச்சியாகச் சாப்பிடவும் அதிகச் செலவில்லாமல் வெளியே போய்வரவும் வழி சொல்லுங்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, நெடுந்தூரம் நடக்க முடியாது.

– ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தத் தனித் தட்டை ஒழித்துவிடுங்கள். ஒரு வீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவருக்கு மட்டும் வேறு சாப்பாடு என்றால், அவர் நோயாளி என்று வேளாவேளைக்கு அவருக்கே நினைவூட்டுவதாகிறது. ஓட்ஸின்மேல் எனக்குக் கோபமில்லை. பிடித்தவர்கள் சாப்பிடட்டும். பிடிக்காததை அழுதுகொண்டே விழுங்குவது எத்தனை மாதம் நடக்கும்? அளவும் மருந்தும் உங்கள் மருத்துவர் சொல்வதுதான். தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

இது உங்கள் ஒருவருடைய பிரச்சினையும் இல்லை. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் வயதுவந்த சிங்கப்பூர்வாசிகளில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 17.2 விழுக்காடு. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் பாலர் கல்வியோடு சேர்த்து நீரிழிவையும் ஒரு முக்கியப் பொருளாக எடுத்துப் பேசியது சும்மா இல்லை. உங்களுக்கு நல்ல சாப்பாடு உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இன்றே நல்லது. ஆகவே வீட்டுக்கே ஒரே சமையல்.

சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கும் தட்டைப் பார்த்திருப்பீர்கள். பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு முழுதானியம், கால் தட்டு பருப்போ மீனோ முட்டையோ இறைச்சியோ. நம் வீடுகளில் சோறு நடுவில் மலைபோல் குவிந்திருக்க, பொரியல் ஓரத்தில் ஒரு கைப்பிடி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அளவுகளை இடம் மாற்றினால் போதும், சமையலையே மாற்ற வேண்டியதில்லை. கீரை மசியல், புடலங்காய்க் கூட்டு, வாழைத்தண்டுப் பொரியல், கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு, மீன் குழம்பு. இதில் எது தண்டனை? தஞ்சாவூரில் பிறந்தவர் நீங்கள், வாழைப்பூவை என்ன செய்வது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

அதற்கு ஒருநாள் காலையில் தேக்கா சந்தைக்குப் போங்கள். செங்காங்கிலிருந்து வடகிழக்கு வழித்தடத்தில் ரயில் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கிவிடலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், ஈரச் சந்தையில் பல கடைகள் மூடியிருக்கும். முளைக்கீரை, முருங்கைக்கீரை, வல்லாரை, மணத்தக்காளி எல்லாம் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள். பேரங்காடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதை எடுத்துக் கூடையில் போடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இங்கே ஒரு மனிதரிடம் கேட்க வேண்டும். ‘இது இன்று வந்ததா? தண்டு முற்றியிருக்கிறதா? இதை எப்படிச் சமைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். கீரை விற்பவர்களுக்குத் தெரிந்த சமையல் குறிப்பு எந்தக் காணொளியிலும் இல்லை. மீன் கடையில் கானாங்கெளுத்தி கேளுங்கள், மலாய்க்காரர்கள் கெம்போங் என்பார்களே, அதேதான். வஞ்சிரத்தைவிட மிக மலிவு, குழம்புக்கு அவ்வளவு ருசி.

வெளியே சாப்பிடுவதைப் பற்றி உங்களைப் போன்றவர்களிடம் இருக்கும் அச்சம் எனக்கு வருத்தம் தருகிறது. பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இந்த ஊரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருக்கலாமா? நம்மில் பலர் உணவங்காடி நிலையத்தில் கண்ணைத் திறந்து பார்ப்பதே இல்லை. பழகிய ஒரே கடைக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறோம். ஹக்கா சீனர்களின் ‘லெய் சா’ சோற்றைச் சாப்பிட்டுப் பாருங்கள். பொடியாக நறுக்கிய கீரைகள், பயற்றங்காய், தவ்ஹூ என்னும் சோயாக் கட்டி, வேர்க்கடலை எல்லாம் சோற்றை மூடியிருக்கும். தேயிலையும் புதினாவும் துளசி வகை இலையும் எள்ளும் அரைத்த பச்சை நிறச் சாற்றை மேலே ஊற்றிக்கொள்ள வேண்டும். முதல் வாய் கசக்கும், மூன்றாவது வாயில் பிடித்துவிடும். பாதித் தட்டு காய்கறி என்று வாரியம் சொல்வதை ஹக்கா மக்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். யோங் தாவ் ஃபூ கடையில் வேண்டிய கீரையையும் பாகற்காயையும் நீங்களே எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, தெளிந்த சூப்பில் கேட்கலாம். மலாய்ச் சோற்றுக் கடையில் ‘உலாம்’ இருந்தால் விடாதீர்கள். பச்சை இலைகளைச் சம்பல் என்னும் மிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிடுவது அது. நம் வல்லாரையும் அதில் இருக்கும்.

பிள்ளைகளின் பபிள் டீக்கு வருகிறேன். பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரக்குறியீடு கொடுக்கும் நியூட்ரி-கிரேடு முறை, பொட்டலத்தில் வருபவற்றுக்கு 2022 டிசம்பர் 30இலும் கடையில் தயாரித்துத் தருபவற்றுக்கு 2023 டிசம்பர் 30இலும் நடப்புக்கு வந்தது. நூறு மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அப்படியானால் 500 மில்லிலிட்டர்க் குவளை ஒன்றில் 50 கிராமுக்கு மேல், அதாவது பன்னிரண்டு தேக்கரண்டிக்குக் குறையாத சர்க்கரை. இதைப் பிள்ளைகளிடம் கோபப்படாமல், ஒரு கிண்ணத்தில் சர்க்கரையை அளந்து வைத்துக் காட்டுங்கள். குடிக்காதே என்று சொல்லவே தேவையிருக்காது. நீங்கள் காப்பிக்கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’, அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி, கேட்டுப் பழகுங்கள். பால் இல்லாமல் முடியாது என்றால், சர்க்கரை போடாத பால் தேநீரான ‘தே சி கோசோங்’. தீபாவளிக்கு ஒரு ஜாங்கிரி, கல்யாணத்தில் ஒரு கரண்டிப் பாயசம் என்பதெல்லாம் மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். விருந்தில் இலைக்கு முன்னால் முகம் வாடி உட்கார்ந்திருக்கும் பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன், நீங்களும் அந்த வரிசையில் சேரக் கூடாது.

வெளியே போவதற்குப் பட்டியல் கேட்டிருந்தால் நூறு இடம் சொல்லலாம். உங்களுக்கு மிக அருகில் பொங்கோல் நீர்வழி இருக்கிறது. மனிதர் வெட்டிய நான்கு கிலோமீட்டர் நீர்ப்பாதை, இருபுறமும் நடைபாதை. மாலையில் இறங்கி நடந்தால் போதும், காசு வேண்டாம்.

ஆனால் ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் பூமலைக்குப் போங்கள் என்பேன். 1859இல் தொடங்கிய தாவரத் தோட்டம், 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. காலை ஐந்து மணி முதல் நள்ளிரவுவரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் இதைச் சொல்வதற்கு வேறு காரணம் உண்டு. 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் இங்கே வந்தன. 1888 முதல் இந்தத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்து, ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளை நச்சரித்தார். பிறகு மலாயா முழுக்க ரப்பர்த் தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் விடியற்காலை இருட்டில் விளக்கோடு போய் மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பாலெடுத்தவர்கள், நம் ஆட்கள். என் தாத்தா ஜொகூரில் அப்படி மரம் வெட்டியவர். பாட்டி வாளி சுமந்தவர். பூமலையில் மரங்களுக்கு நடுவே நடக்கும்போது எனக்கு அழகு மட்டும் தெரிவதில்லை. நான் இந்த ஊரில் மூன்று வேளை சாப்பிடுவதற்கு யார் யார் முதுகு வளைந்தது என்றும் தெரிகிறது.

நன்றியுணர்வைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நான் இப்படித்தான் வந்து சேர்கிறேன். ‘வீடு, பிள்ளைகள், உடல்நலம்’ என்று எழுதியபோது உங்கள் மனம் ஏன் அசையவில்லை? அந்த வரியில் நன்றியைப் பெறுபவர் இல்லை. நன்றி என்றால் ஒருவருக்குச் சொல்வது. கொடுத்தவர் முகம் தெரிய வேண்டும், குறைந்தது அப்படி ஒருவர் இருக்கிறார் என்றாவது தெரிய வேண்டும். இந்தத் தீவு தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. உங்கள் கீரை எல்லை தாண்டி இரவு லாரியில் வந்திருக்கலாம். அதைப் பறித்தவர், ஓட்டிவந்தவர், விடிவதற்கு முன் இறக்கி அடுக்கியவர் என்று எண்ணிப் பாருங்கள். குறிப்பேடு வேண்டாம், அடுத்த முறை கீரைக்காரரிடம் ‘போன வாரம் தந்த கீரை நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, நன்றியுணர்வு வரவழைத்தால் வருமா என்று என்னிடம் கேட்க மாட்டீர்கள்.

உணவங்காடியில் மேசை துடைக்கும் முதியவர்களையும் கவனியுங்கள். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம். வைக்காவிட்டால் நடவடிக்கை உண்டு. அபராதத்துக்கு அஞ்சி வைப்பதும், அந்த அம்மாவின் இடுப்பு வலியை நினைத்து எலும்பையும் தாளையும் ஒதுக்கி அடுக்கி வைப்பதும் ஒன்றா? உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவதைக் கற்றுக்கொடுங்கள்.

பூங்காக்களில் புல் வெட்டும், இலை கூட்டும் தம்பிகள் பலர் நம் ஊர்க்காரர்கள். புதுக்கோட்டை, சிவகங்கை, உங்கள் தஞ்சாவூர். நீங்கள் நடக்கும் பாதை சுத்தமாக இருப்பது அவர்களால். ‘தம்பி, சாப்பிட்டீர்களா?’ என்று தமிழில் கேட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் பலருக்கு மதியச் சாப்பாடு விடியற்காலையிலேயே சமைத்துப் பொட்டலமாக வருகிறது; வெயிலில் பல மணி நேரம் கழித்துப் பிரித்துச் சாப்பிடுகிறார்கள். ஆரோக்கியமான உணவு என்று நாம் பேசும் பேச்சில் அவர்களுடைய பொட்டலமும் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் இன்னும் லாரியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்லப்படுவதைப் பற்றி நாடாளுமன்றத்திலேயே பலமுறை பேசியிருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு அதைப் பார்க்காமல் திரும்பிக்கொள்ள என்னால் முடியாது. உங்களாலும் முடியாது என்று நம்புகிறேன். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்க்கும்போது இதையும் ஒரு வார்த்தை கேட்கலாமே.

மாமியாருக்கு ஓரிடம் சொல்ல வேண்டும். செம்பவாங்கில் வெந்நீர் ஊற்றுப் பூங்கா இருக்கிறது. புதுப்பித்து 2020 ஜனவரியில் திறந்தார்கள். கால் நனைக்க அடுக்கடுக்காகத் தொட்டிகள், மேலே சூடு அதிகம், கீழே வர வரக் குறையும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, அதனால் உங்கள் கையால் நீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாமியாரின் காலையும் உங்கள் காலையும் இறக்குங்கள். சனி, ஞாயிறு கூட்டம் இருக்கும், வார நாள் காலை நல்லது. சிலர் முட்டை கொண்டுவந்து ஊற்றுநீரில் வேகவைத்துச் சாப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், நீங்களும் சாப்பிடக்கூடிய சிற்றுண்டி. ஒரு டப்பாவில் சுண்டலும் கொய்யாவும் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த இரத்தப் பரிசோதனை முடிந்ததும் எழுதுங்கள். எண் குறைந்தாலும் குறையாவிட்டாலும் எழுதுங்கள். மாமியார் வாழைப்பூவை எப்படிச் சமைப்பார் என்றும் கேட்டு எழுதினால் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா