பல கிளப் ஆட்கள், பத்து நாள் முகாம்: தேசிய அணிப் பயிற்சியாளர்களிடம் கற்க வேண்டியது

கேள்வி: பல கிளப்களில் ஆடுபவர்களைச் சேர்த்து ஒரு கால்பந்துத் தேர்வு அணியை உருவாக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. போட்டிக்கு முன்னால் பத்து நாள் முகாம், அவ்வளவுதான். தேசிய அணிப் பயிற்சியாளர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதானே? திறமையானவர்களை எடுத்துவிட்டு அவர்களுக்கேற்ப ஆட்டத்தை அமைப்பதா, ஆட்ட முறையை முடிவு செய்துவிட்டு ஆள் தேடுவதா? லீக்கில் அதிக கோல் அடித்த ஸ்ட்ரைக்கர் நான் நினைக்கும் ஆட்டத்துக்குப் பொருந்த மாட்டார் என்று தோன்றுகிறது. அவரை விட்டுவிடலாமா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. யார் யாரோடு ஏற்கெனவே சேர்ந்து ஆடிப் பழகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு நோட்டில் எல்லாப் பெயர்களையும் எழுதி, ஒரே கிளப்பில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் ஆடுகிறவர்களைக் கோடு போட்டு இணையுங்கள். தற்காப்பின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் ஜோடி, தற்காப்பின் ஓரத்தில் ஆடும் ஃபுல்பேக்கும் அவருக்கு முன்னால் அதே ஓரத்தில் தாக்கி ஆடும் விங்கரும், நடுக்களத்தில் பந்தை வாங்கித் திரும்புகிறவரும் அவருடைய பாஸுக்காக ஓடுகிற ஸ்ட்ரைக்கரும். இந்தக் கோடுகள் எங்கே அதிகமாக விழுகின்றனவோ, உங்கள் ஆட்ட முறை அங்கிருந்து வர வேண்டும். உங்களுக்குப் பிடித்த ஆட்ட முறை எது என்பதெல்லாம் அப்புறம்.

காரணம் நேரம்தான். கிளப் பயிற்சியாளருக்கு சீசன் முழுக்க அன்றாடம் பயிற்சி உண்டு. இடது ஃபுல்பேக் சரியில்லை என்றால் காசு கொடுத்து வேறு ஆளை வாங்கலாம். தேசிய அணிக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. கிளப் ஆட்டங்களை நிறுத்திவைத்து தேசிய அணிகளுக்கு விடும் ஒரு சர்வதேச இடைவேளையில் ஆட்கள் வந்து சேர்ந்து, களைப்பு நீங்கி, பெரும்பாலும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். முழு வேகத்தில் பயிற்சி செய்யக் கிடைப்பது நடுவில் சில நாள். ஒருவர் பந்தைக் கட்டுப்படுத்தும்போதே இன்னொருவர் எங்கே ஓடுவார் என்று தெரிந்திருப்பது மாதக்கணக்கில் படிகிற பழக்கம். அதைச் சொல்லித்தர நேரமில்லாத பயிற்சியாளர் அது ஏற்கெனவே படிந்தவர்களைத்தான் தேட வேண்டும்.

பெரிய அணிகளின் வரலாறு இதையே காட்டுகிறது. 1953இல் வெம்ப்லியில் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்த ஹங்கேரியின் மையத்தில் ஹோன்வெட் கிளப்பின் ஆட்கள் இருந்தார்கள்: புஷ்காஷ், கோச்சிஷ், போசிக். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் இறக்கிய பதினொருவரில் ஆறு பேர் பார்சிலோனா. சாவியும் இனியஸ்டாவும் புஸ்கெட்ஸும் கிளப்பில் தினமும் செய்ததையே தேசிய உடையிலும் செய்தார்கள். 2014இல் கோப்பை வென்ற ஜெர்மனியின் இறுதி ஆட்டப் பதினொருவரிலும் ஆறு பேர் பேயர்ன் மியூனிக்.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2014இன் நெதர்லாந்து. அந்த ஆண்டு மார்ச்சில் நடுக்களத்தின் முதுகெலும்பான ஸ்ட்ரூட்மன் முழங்கால் காயத்தில் விழுந்தார். அந்த நாட்டில் 4-3-3 (தற்காப்பில் நால்வர், நடுக்களத்தில் மூவர், தாக்குதலில் மூவர்) ஏறக்குறைய மதம் மாதிரி. பயிற்சியாளர் லூயி வான் கால் அதை ஒதுக்கிவிட்டு ஐந்து தற்காப்பு வீரர்கள் கொண்ட அமைப்புக்குப் போனார். நாட்டில் பெரிய எதிர்ப்பு. ஆனால் அந்த ஐவரில் யான்மாட், டி ஃப்ரை, மார்ட்டின்ஸ் இண்டி ஆகிய மூவரும் ஃபெயனூர்டில் சேர்ந்து ஆடுகிறவர்கள். முன்னால் ராபன், வான் பெர்சி என்று வேகமும் கோல் அடிக்கும் திறனும் கொண்ட இருவர். பின்னால் பழகிய கூட்டம், முன்னால் இரண்டு பேர், நடுவில் நீளமான பாஸ். இது போதும் என்று முடிவெடுத்தார். முதல் ஆட்டத்திலேயே நடப்பு சாம்பியன் ஸ்பெயினை 5-1 என்று சாய்த்தார்கள். டேலி பிளிண்ட் இடது பக்கத்திலிருந்து தூக்கிய பந்தை வான் பெர்சி பாய்ந்து தலையால் அடித்த முதல் கோலைத் திரும்பப் பாருங்கள். பிளிண்ட் தலை நிமிர்ந்த கணத்தில் வான் பெர்சி ஓட ஆரம்பித்திருப்பார். அந்த அணி மூன்றாம் இடம் பிடித்தது.

அன்று எதிரே தோற்று நின்ற ஸ்பெயினையும் கவனியுங்கள். 2010இல் ஜெயித்த அதே கூட்டத்தின் பெரும்பகுதிதான். அடுத்து சிலியிடமும் 2-0 என்று தோற்று குரூப் சுற்றோடு வெளியேறியது. பழக்கம் அப்படியே இருந்தது, கால்கள் தளர்ந்திருந்தன. ஆகவே நீங்கள் போடும் கோடுகள் இந்த சீசனின் கோடுகளாக இருக்கட்டும். மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்து கலக்கியவர்கள் என்பதற்காக யாருக்கும் இடம் தராதீர்கள்.

ஒரே கிளப்பை அப்படியே தூக்கிவந்து நிறுத்துவதும் தீர்வாகாது. அந்த கிளப்பில் எந்த வேலையை வெளியூர்க்காரர் ஒருவர் செய்கிறாரோ, அந்த வேலை உங்கள் அணியில் காலியாகிவிடும். அங்கே திறமையைவிட வேலையைப் பார்த்து ஆளெடுங்கள். 2014 ஜெர்மனியில் இடது ஃபுல்பேக்காக ஆடியவர் ஹோவடெஸ். அவர் வலதுகால்காரர், ஷால்கேயில் சென்டர் பேக். இடது பக்கம் ஏறிவந்து கிராஸ் போடும் அழகெல்லாம் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் தொடரின் ஒவ்வொரு நிமிடமும் ஆடினார். ஏனென்றால் பயிற்சியாளர் லோவுக்கு அந்த இடத்தில் தேவைப்பட்டது உயரம், பந்தைத் தலையால் ஆடும் திறன், இடத்தை விட்டு நகராத ஒழுக்கம். கானாவுக்கு எதிராக க்ரூஸ் அடித்த கார்னரை அவர்தான் தலையால் திருப்பிவிட்டார். குளோஸே காலை நீட்டி 2-2 என்று சமன் செய்தார். இப்படி ஒருவரை எடுத்தால் விமர்சனம் வரும். எதற்காக எடுத்தோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் அந்தத் தேர்வைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல முடியாவிட்டால் பெயரை அடித்துவிடுங்கள்.

இனி ஆட்ட முறை. பத்து நாளில் சொல்லித்தரக்கூடியது தற்காப்பு அமைப்பும் செட் பீஸும் (கார்னர், ஃப்ரீ கிக் போல நிறுத்திவைத்த பந்திலிருந்து ஆடுவது). எதிரணி மூடி நிற்கும்போது சிறு பாஸ்களால் உடைத்து உள்ளே போவது வராது, அதை விட்டுவிடுங்கள். ரெக்ராகி மொராக்கோ அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றதற்கும் 2022 உலகக் கோப்பை தொடங்கியதற்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. அரையிறுதிக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களில் அந்த அணி வாங்கிய கோல் ஒன்றே ஒன்று. அதுவும் கனடாவுக்கு எதிராகத் தன் வீரரே போட்டுக்கொண்டது. அவர்கள் செய்ததில் மாயம் ஏதும் இல்லை. தற்காப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையே இடைவெளி விடாமல், அம்ராபட்டை நடுவில் காவலாக நிறுத்தி, பந்தைப் பறித்ததும் ஹக்கிமியும் ஜியேஷும் இருக்கும் வலது பக்கம் விரைவாகக் கொண்டுபோனார்கள். ஜியேஷ் முந்தைய பயிற்சியாளரோடு ஏற்பட்ட பிணக்கால் வெளியே இருந்தவர். அவரைத் திரும்ப அழைத்தது ரெக்ராகி எடுத்த முதல் நல்ல முடிவு என்பேன்.

செட் பீஸுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 2018இல் அரையிறுதி வரை போன இங்கிலாந்து அடித்த 12 கோல்களில் 9 செட் பீஸிலிருந்து வந்தவை, பெனால்டிகளும் சேர்த்து. முகாமில் தினமும் கடைசி இருபது நிமிடம் கார்னரும் ஃப்ரீ கிக்கும் போடுங்கள். களைத்த கால்களோடு பழகினால்தான் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் கைகொடுக்கும். தாக்குதலில் இரண்டு உத்திகள் தெளிவாக இருந்தால் போதும்: நோட்டில் கோடு போட்ட ஜோடிகள் தங்கள் கிளப்பில் என்ன செய்கிறார்களோ அதே. பிரெஸ்ஸிங் (பந்து வைத்திருக்கும் எதிரணி ஆளை நோக்கிப் பாய்ந்து நெருக்குவது) செய்ய விரும்பினால், எப்போது பாய வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு அடையாளம் வையுங்கள். உதாரணமாக, எதிரணி ஃபுல்பேக் ஓரக்கோட்டை ஒட்டி, தன் கோல் பக்கம் முகம் திருப்பிப் பந்தை வாங்கும்போது எல்லோரும் பாய்வது. ஐந்து அடையாளம் சொன்னால் மூன்று பேர் பாய்வார்கள், மற்றவர்கள் நிற்பார்கள். அந்த இடைவெளியில்தான் கோல் விழும்.

இப்போது உங்கள் ஸ்ட்ரைக்கர். கோல் எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு அவருடைய கடைசிப் பத்துக் கோல்களின் வீடியோவை உட்கார்ந்து பாருங்கள். பந்து யாரிடமிருந்து வந்தது? எந்தப் பக்கத்திலிருந்து? பெனால்டி பெட்டிக்குள் எத்தனை முறை தொட்டார்? அவர் அணி முன்னிலையில் இருந்து எதிரணி ஏறி ஆடியபோது அடித்தவை எத்தனை? பத்தில் ஏழுக்குப் பந்து கொடுத்தவர் உங்கள் பட்டியலிலேயே இல்லை என்றால், நீங்கள் அழைப்பது பாதி ஆளைத்தான். கொடுப்பவரும் இருக்கிறார் என்றால் இருவரையும் சேர்த்து எடுங்கள், உங்கள் திட்டத்தை அவர்களுக்காக வளையுங்கள். பொருந்த மாட்டார் என்ற உங்கள் எண்ணம் அப்போது மாறவும்கூடும்.

கோல் அடிக்காத ஸ்ட்ரைக்கரை வைத்து உலகக் கோப்பை வென்ற அணியும் உண்டு. 2018இல் பிரான்ஸின் முதல் ஆட்டம் ஆஸ்திரேலியாவுடன். பயிற்சியாளர் தெஷாம் முன்னால் விட்டது கிரீஸ்மன், எம்பாப்பே, டெம்பெலே என்ற மூன்று வேகக்காரர்களை. ஆட்டம் ஒட்டவே இல்லை, மூவரும் பந்துக்குப் பின்னால் தனித்தனியாக ஓடினார்கள். எழுபதாவது நிமிடத்தில் ஜிரூ வந்தார். சுமார் பத்து நிமிடத்தில் போக்பா அவரிடம் பந்தைத் தட்டி, திரும்ப வாங்கி உள்ளே போக, பந்து தற்காப்பு வீரர் காலில் பட்டு வெற்றி கோலானது. அடுத்த ஆட்டத்திலிருந்து ஜிரூ நிரந்தரம். தொடர் முழுக்க அவர் அடித்த ஒரு ஷாட்கூட கோல்கீப்பரைச் சோதிக்கவில்லை. கிரீஸ்மனும் எம்பாப்பேயும் ஆளுக்கு 4 கோல். இரண்டு சென்டர் பேக்குகளை முதுகில் சுமந்துகொண்டு அவர்களுக்கு இடம் உண்டாக்கியது ஜிரூவின் வேலை, அதை முழுமையாகச் செய்தார்.

மறுபக்கம், பாணிக்காகத் திறமையைப் பட்டினி போட்டால் என்னாகும் என்பதற்கு 2017 நவம்பர் 13, மிலான். உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுவதற்காக ஸ்வீடனுக்கு எதிராக ஆடிய பிளே ஆஃபில் இத்தாலிக்கு கோல் கட்டாயம் தேவை. பயிற்சியாளர் வென்டூரா நம்பியது 3-5-2. நாட்டின் மிகக் கூர்மையான விங்கர் இன்சின்யே நாப்போலியில் 4-3-3இல் பளிச்சிட்டவர். வென்டூராவின் அமைப்பில் அவருக்கென்று ஓர் இடமே இல்லை. இரண்டாம் பாதியில் தற்காப்பு நடுக்கள வீரர் டி ரோஸியை வார்ம் அப் செய்யச் சொன்னார்கள். அவர் பெஞ்சில் இருந்த இன்சின்யேயைக் கைகாட்டி, நமக்கு டிரா போதாது, ஜெயிக்க வேண்டும், என்னை ஏன் அனுப்புகிறீர்கள் என்று வாதாடியது தொலைக்காட்சியில் தெளிவாகப் பதிவானது. இன்சின்யே கடைசிவரை இறங்கவில்லை. 0-0. 1958க்குப் பிறகு முதல்முறையாக இத்தாலி உலகக் கோப்பைக்குப் போகவில்லை. அதன் பின் வந்த மான்சினி 4-3-3 வைத்தார், இடது பக்கம் இன்சின்யேக்குக் கொடுத்தார், 2021இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். ஒருவர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அணியின் முதல் இரண்டு மூன்று திறமைசாலிகளில் ஒருவருக்கு இடமில்லாத அமைப்பு என்றால், மாற்ற வேண்டியது அமைப்பைத்தான். அவர் பத்தாவது பதினொன்றாவது ஆள் என்றால் அமைப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் ஸ்ட்ரைக்கர் இதில் எந்த வரிசையில் வருகிறார் என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் பதில் கிடைத்துவிடும்.

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பெரிய பெயர்களை ஒன்றாக இறக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. 2004 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்து ஜெரார்ட், லாம்பார்ட் இருவரையும் நடுவில் நிறுத்தி, ஸ்கோல்ஸை இடது ஓரத்துக்குத் தள்ளியது. மூவரும் அபாரமான ஆட்டக்காரர்கள். அந்தத் தொடர் முடிந்ததும் ஸ்கோல்ஸ் சர்வதேச ஆட்டத்திலிருந்தே விலகிக்கொண்டார். முன்னால் போக ஆசைப்படும் இருவருக்குப் பக்கத்தில் பின்னால் நிற்க விரும்பும் ஒருவர் கட்டாயம்.

மாற்று வீரர்களை எடுக்கும்போது அடுத்த சிறந்த ஆள் யார் என்று பார்க்காதீர்கள். ஒரு கோல் பின்தங்கி இருபது நிமிடம் மிச்சமிருந்தால் யார், ஒரு கோல் முன்னிலையைக் காக்க யார், பெனால்டி வந்தால் யார் என்று சூழ்நிலைகளை எழுதி ஆள் நிரப்புங்கள். 2014 காலிறுதியில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக வான் கால் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் க்ரூலை இறக்கினார். பெனால்டியில் அவர் இரண்டைத் தடுத்தார். அரையிறுதியிலும் ஆட்டம் பெனால்டிக்குப் போனது, ஆனால் மாற்று வாய்ப்புகள் முன்பே தீர்ந்திருந்ததால் க்ரூலை இறக்க முடியவில்லை, தோற்றார்கள். கடைசி மாற்றை எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதை ஆட்டத்துக்கு முன்பே உதவியாளரிடம் சொல்லிவையுங்கள்.

முதல் பதினொன்றை முகாம் முடியும்போது இறுதியாக்கிவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2022இல் அர்ஜென்டினா முதல் ஆட்டத்தில் சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. பயிற்சியாளர் ஸ்கலோனி மூன்றாவது ஆட்டத்துக்குள் என்சோ பெர்னாண்டஸ், மக் அலிஸ்டர், ஜூலியன் அல்வாரஸ் மூவரையும் முதல் பதினொன்றுக்குள் கொண்டுவந்துவிட்டார். மெஸ்ஸிக்காக ஓடவும் பறிக்கவும் தயாரான இளங்கால்கள் அவருக்குத் தேவைப்பட்டன. பட்டியலில் அந்த மாதிரி இரண்டு மூன்று பேருக்கு இடம் வையுங்கள்: இன்று தொடக்க அணியில் இல்லாதவர்கள், ஆனால் கேட்டால் தொண்ணூறு நிமிடமும் ஓடுவார்கள். ஸ்ட்ரைக்கரை விடுவது என்று முடிவானால், பட்டியல் வெளியாகும் முன் நீங்களே அவரைக் கூப்பிட்டு, எந்த வேலைக்கு வேறொருவர் தேவைப்பட்டார் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். யாராவது காயப்பட்டால் நீங்கள் முதலில் அழைக்கப்போவது அவரையாகவும் இருக்கலாம்.