பதில்: அப்பாவின் எல்பி தட்டுகளுக்கு 20,000 ரூபாய்க்குள் டர்ன்டேபிள்

வணக்கம். அப்பா விட்டுச்சென்ற எல்பி இசைத்தட்டுகளையும் சில 78 தட்டுகளையும் (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய வகை) மும்பை மாட்டுங்கா வீட்டில் கேட்க, 20,000 ரூபாய்க்குள் சூட்கேஸ் வடிவப் பிளேயர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். அவற்றில் பெரும்பாலானவற்றின் ஊசி தட்டின் மீது ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தித் தேய்க்கிறது. அந்த அழுத்தத்தைத் திருத்தவும் வழியில்லை.

உங்கள் தொகையை ஒட்டிக் கிடைப்பவற்றில் ஆடியோ டெக்னிகா எல்பி60எக்ஸ் என்ற டர்ன்டேபிள் போதுமானது. அழுத்தம் ஏறக்குறைய மூன்று கிராம்தான். ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) உள்ளேயே இருப்பதால் உங்களிடம் உள்ள பவர்டு ஸ்பீக்கரில் (ஆம்ப்ளிஃபயர் உள்ளடங்கியது) நேரடியாக இணைக்கலாம். தேய்ந்த ஊசியை நீங்களே கழற்றி மாற்றலாம். ஆனால் அதில் 33, 45 வேகங்கள் மட்டுமே உண்டு. 78 தட்டுகளின் பள்ளம் அகலமானது என்பதால், வேகம் இருந்தாலும் எல்பி ஊசி அதன் அடியில் உரசி இரைச்சலைத்தான் எழுப்பும். அவற்றுக்குத் தனி ஊசி வேண்டும். இப்போதைக்கு அவற்றைச் செங்குத்தாக அடுக்கி வையுங்கள்.

பழைய பொருள் சந்தையான சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய இயந்திரம் பார்ப்பதாக இருந்தால் (பேரம் பேசத் தெரிந்தவரைக் கூட்டிச் செல்லுங்கள்), பின்புறத் தகட்டை முதலில் படியுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் பொறித்த, மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு (ஹெர்ட்ஸ்) ஏற்பச் சுழலும் ஏசி மோட்டாரில் ஓடும் அமெரிக்க பெல்ட் வகையை, மின்மாற்றி வைத்து 110 வோல்ட் கொடுத்தாலும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே சுழற்றும். பாட்டு இழுவையாகக் கேட்கும்.