எண்ணெய்க் கப்பலுக்குள் 299 கைதிகள்

கே: இரண்டாம் உலகப் போர் பற்றிப் படித்தால் ஆல்ட்மார்க் என்ற பெயர் எப்படியும் வந்துவிடுகிறது. வெறும் எண்ணெய்க் கப்பல்தானே அது?

ப: எண்ணெய்க் கப்பல்தான், ஆனால் அந்த 'வெறும்' வேண்டாம். கிராஃப் ஷ்பே என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1939-ல் ஒன்பது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை மூழ்கடித்ததே, அது எந்தத் துறைமுகத்திலும் ஒதுங்காமல் மாதக்கணக்கில் கடலிலேயே சுற்ற முடிந்தது ஆல்ட்மார்க்கின் புண்ணியத்தில்தான். போருக்குச் சற்று முன்பே அமெரிக்காவின் போர்ட் ஆர்தரில் டீசலை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டது. தெற்கு அட்லாண்டிக்கில் ஆளரவமில்லாத ஓர் இடத்தைக் குறித்துச் சந்திப்பார்கள், குழாய் போட்டு எண்ணெய் மாற்றுவார்கள், சாப்பாட்டுச் சாமான்கள் அந்தப் பக்கம் போகும், பிடிபட்ட மாலுமிகள் இந்தப் பக்கம் வருவார்கள். அப்படி வந்து சேர்ந்தவர்கள் 299 பேர். டிசம்பர் 17 அன்று உருகுவேயின் மாண்டிவிடியோ துறைமுகத்துக்கு வெளியே கிராஃப் ஷ்பே தன்னைத்தானே தகர்த்துக்கொண்டது. அப்புறம் கேப்டன் ஹைன்ரிஷ் டாவ் இத்தனை கைதிகளோடு தனியாக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

கே: ஊர் திரும்பும் வழியில் ஆல்ட்மார்க் நார்வேயின் கடல் வழியாகப் போனபோது, கைதிகளை மீட்க அந்த நடுநிலை நாட்டின் கடலுக்குள் பிரிட்டன் புகுந்தது நியாயமா?

ப: சட்டப்படி மீறல்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நார்வேயும் தன் கடமையைச் சரியாகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதிகாரிகள் கப்பலில் ஏறிப் பார்த்தார்கள், சரக்கு அறைகளைத் திறந்து பார்க்கவில்லை. கீழே கைதிகள் தட்டுகிறார்கள், விசிலடிக்கிறார்கள். மேலே ஜெர்மானியர்கள் சரக்கு தூக்கும் விஞ்சை ஓடவிட்டு அந்தச் சத்தத்தை அமுக்குகிறார்கள். கடைசியில் 1940 பிப்ரவரி 16 இரவு, பனிக்கட்டி படர்ந்த யோஸிங் ஃபியோர்டு என்ற குறுகிய கடல் நுழைவுக்குள், பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிலிப் வியானின் காசாக் என்ற போர்க்கப்பல் நுழைந்தது. வீரர்கள் தாவி ஏறினார்கள், கைகலப்பும் துப்பாக்கிச் சூடும் நடந்தன, ஜெர்மானியர்கள் சிலர் செத்தார்கள், 299 பேரும் வெளியே வந்தார்கள். உத்தரவு போட்டவர் அப்போது கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில். நார்வேயின் நடுநிலையை இனி நம்பிப் பயனில்லை என்று ஹிட்லர் முடிவுகட்ட இதுவும் ஒரு காரணம். ஏப்ரல் 9-ல் படையெடுப்பே வந்துவிட்டது.

கே: அதன் பிறகு கப்பல் என்ன ஆனது?

ப: பழுதுபார்த்து, உக்கர்மார்க் என்று பெயரை மாற்றினார்கள். 1941-ல் ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனாவ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களுக்கு அட்லாண்டிக்கில் எண்ணெய் கொடுத்தது, அதாவது பழைய வேலையேதான். பிறகு ஜப்பானுக்குப் போனது. 1942 நவம்பர் 30, யோகோஹாமா துறைமுகம்: பெட்ரோலை இறக்கியாயிற்று, ஆபத்து தீர்ந்தது என்று நினைப்போம், ஆனால் நிரம்பிய தொட்டியைவிடக் காலித் தொட்டிதான் பயங்கரம், ஏனென்றால் மிஞ்சிய ஆவி காற்றோடு கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். கப்பல் வெடித்தது. பக்கத்தில் நின்ற தோர், லாய்தன் என்ற மற்ற இரண்டு ஜெர்மன் கப்பல்களும் எரிந்து போயின.

தப்பியவர்களில் பலரை டாகர்பாங்க் என்ற கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1943 மார்ச்சில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியே அதை எதிரிக் கப்பல் என்று நினைத்து டார்பிடோ விட்டது. அந்தக் கப்பலில் இருந்த முன்னூற்றுச் சொச்சம் பேரில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார்.